ஒரு நூற்பாலையும் மூன்று வகை மின்சாரமும்: நிகழ்வு ஆய்வு

கோவை மாவட்டத்தின் தென்பகுதியில் இயங்கும் ஒரு நடுத்தர நூற்பாலை, 2022 இறுதியிலிருந்து 2025 நடுப்பகுதி வரை தன் மின்சாரத் தேவையைத் தூய எரிசக்தியின் பக்கம் எவ்வாறு நகர்த்தியது என்பதன் பதிவு இது. ஆலையில் எரிசக்தித் தணிக்கை செய்த இருவரில் ஒருவனாகவும், அதன்பின் ஆலோசகனாகவும் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். ஆலையும் அதன் மனிதர்களும் பெயரின்றியே வருகிறார்கள். அடையாளம் தெரியாமலிருக்க எண்களைச் சற்று முழுமைப்படுத்தியிருக்கிறேன், விகிதங்களை மாற்றவில்லை.

பின்னணி

ஆலையில், பஞ்சு இழையை முறுக்கி நூலாக்கும் ரிங் ஃபிரேம் இயந்திரங்கள் 18 உள்ளன. ஒவ்வொன்றிலும், நூல் சுற்றும் 1,008 கதிர்கள். பெரும்பாலும் 40-ஆம் நம்பர் (நூலின் மென்மையைக் குறிக்கும் எண்) கோம்டு, அதாவது குட்டை இழைகளைச் சீவி நீக்கிய, பனியன் நூல் ஓடுகிறது. மூன்று ஷிஃப்டுகளிலும் ஆலை ஓடும்போது நாளொன்றுக்கு ஏறத்தாழ 6,700 கிலோ நூல் வெளிவருகிறது. தணிக்கையின்போது ஒரு கிலோ நூலுக்கு 5.20 யூனிட் மின்சாரம் செலவாகிக்கொண்டிருந்தது. ஆலைக்காரர்கள் இதை யூகேஜி என்பார்கள். லாப நட்டத்தை முதலில் காட்டிக்கொடுக்கும் எண் இதுதான். ஆண்டு மின்பயன்பாடு 1.22 கோடி யூனிட், ஒரே நேரத்தில் இழுக்க அனுமதிக்கப்பட்ட மின்தேவை 1,800 கேவிஏ (மின்சுமையின் அலகு).

தூய எரிசக்தி இந்த ஆலைக்குப் புதிதல்ல. 1995-இல், அப்போது 6,000 கதிர்களே இருந்த நிலையில், மூத்த முதலாளி உடுமலைப்பேட்டைப் பக்கம் 225 கிலோவாட் காற்றாலைகள் நான்கை வாங்கிப் போட்டார். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்றை நம்பி அந்தக் காலத்தில் கொங்குப் பகுதி ஆலைகள் பல இதைச் செய்தன. உண்மையைச் சொன்னால், சுற்றுச்சூழல் அன்று யாருடைய மனத்திலும் இல்லை. முதல் ஆண்டிலேயே முழு விலையையும் தேய்மானமாகக் கழித்துக்கொள்ள வருமான வரியில் இருந்த சலுகையே முதற்காரணம். பின்னர் 2008 முதல் உயரழுத்த இணைப்புகளுக்கு 40% மின்வெட்டு வந்தபோது, அந்த நான்கு இயந்திரங்களும் வரிச்சலுகையைக் காட்டிலும் பெரிய உதவியாக இருந்தன. ஆலை மும்மடங்கு வளர்ந்துவிட்டதால், ஆண்டுக்கு 12 லட்சம் யூனிட் தரும் அந்தக் காற்றாலைகள் 2022-இல் மொத்தத் தேவையில் பத்தில் ஒரு பங்கையே நிறைவேற்றின.

நிர்வாகம் இரண்டு தலைமுறைகளின் கையில் இருந்தது. கொள்முதலையும் விற்பனையையும் மூத்த முதலாளி பார்த்துக்கொண்டார். கணக்கும் வங்கியும் அவருடைய மகளின் பொறுப்பு. மின்பொறியாளர் ஒருவரும், இருபத்தைந்து ஆண்டுகளாக அங்கேயே இருக்கும், நூற்புப் பிரிவின் பொறுப்பாளரான ஸ்பின்னிங் மாஸ்டர் ஒருவரும் இந்தக் கதையில் முக்கியமானவர்கள்.

2022 செப்டம்பர்: கட்டண உயர்வு

2022 செப்டம்பர் 10 முதல் தமிழகத்தில் புதிய மின்கட்டணம் நடைமுறைக்கு வந்தது. உயரழுத்தத் தொழிற்சாலைகளுக்கு யூனிட் கட்டணம் 6.35 ரூபாயிலிருந்து 6.75 ஆனது. பார்வைக்கு இது பெரிய ஏற்றமல்ல. ஆனால் ஒரு கேவிஏவுக்கான மாதாந்தரத் தேவைக் கட்டணம் 350 ரூபாயிலிருந்து 550 ஆகவும், காலை, மாலை உச்சநேரப் பயன்பாட்டுக்கான கூடுதல் கட்டணம் 20 விழுக்காட்டிலிருந்து 25 ஆகவும் உயர்ந்தன. ஆலையில் பதிவான உச்சத் தேவை 1,720 கேவிஏ என்பதால், தேவைக் கட்டணம் மட்டுமே மாதம் 6 லட்சத்திலிருந்து ஏறத்தாழ 9.5 லட்சமாகியது.

அதே ஆண்டு மே மாதம் பஞ்சு விலை கண்டிக்கு (ஏறத்தாழ 356 கிலோ) ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிப்போயிருந்தது. அந்த விலையில் வாங்கிய பஞ்சை நூலாக்கி, இறங்கிக்கொண்டிருந்த சந்தையில் விற்கவேண்டிய நிலையில் ஆலை இருந்தது. பஞ்சு விலையும் நூல் விலையும் தன் கையில் இல்லை, மின்சாரமாவது தன் கையில் இருக்கட்டும் என்ற எண்ணத்தில்தான் மகள் எங்களை அழைத்தார். அழைத்தபோது அவர் மேசையில் ஒரு நிறுவனத்தின் கூரைச் சூரிய மின்திட்ட அறிக்கை ஏற்கெனவே இருந்தது: 800 கிலோவாட், 3.6 கோடி ரூபாய், மூன்றே முக்கால் ஆண்டுக்குள் முதல் திரும்பிவிடும் என்ற வாக்குறுதி. அதில் கையெழுத்திடலாமா என்பதே எங்களிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி. பயன்பாட்டை அளந்து பார்க்காமல் பதில் சொல்ல முடியாது என்றோம். இரண்டு மாத அவகாசம் கிடைத்தது.

தணிக்கையில் கண்டவை

2022 நவம்பரில் தொடங்கிய அளவீட்டில் பெரும்பாலானவை எதிர்பார்த்தபடியே இருந்தன. எதிர்பாராதது 2023 பொங்கல் விடுமுறையில் தெரிந்தது.

நூற்பாலை முழுவதுமாக நிற்கும் நாட்கள் ஆண்டில் மிகச் சில. மாட்டுப் பொங்கலன்று காலை எல்லா இயந்திரங்களும் நின்றிருக்க, காற்றழுத்தக் கம்ப்ரசர் ஒன்றை மட்டும் இயக்கி, எல்லாப் பிரிவுகளுக்கும் செல்லும் வால்வுகளைத் திறந்துவிட்டுக் காத்திருந்தோம். எந்த இயந்திரமும் காற்றைப் பயன்படுத்தாத அந்த நிலையில், குழாய்கள் நிறைந்ததும் கம்ப்ரசர் லோடிலிருந்து இறங்கி அப்படியே நின்றுவிட வேண்டும். ஆனால் பத்து நிமிடத்துக்கு நான்கு நிமிடம் அது லோடில் ஓடிக்கொண்டிருந்தது. 75 கிலோவாட் கம்ப்ரசர் ஒன்றின் திறனில் 40 விழுக்காடு, நூலுக்கும் இயந்திரத்துக்கும் போகாமல் பொத்தல்கள் வழியே வெளியேறிக்கொண்டிருந்தது என்பது இதன் பொருள்.

நூலைக் கூம்புகளில் சுற்றும் ஆட்டோகோனர் இயந்திர வரிசையின் நடுவே நடந்துபோனபோது எங்கு பார்த்தாலும் சீறல் சத்தம். உடன் வந்த ஃபிட்டர், "இந்தச் சத்தம் எப்பவும் இருக்கறதுதானுங்க, மிசின் ஓடறப்ப காதுல விழாது" என்றார். அன்று மாலைக்குள் சாக்பீஸால் வட்டமிட்ட கசிவுகள் 63. அவற்றில் பெரும்பாலானவை சில நூறு ரூபாய் விலையுள்ள இணைப்புகளிலும் தேய்ந்துபோன டியூப்களிலும் இருந்தன.

இரண்டாவது, ஹுமிடிட்டி பிளான்ட். ரிங் ஃபிரேம் பகுதியில் காற்றின் ஈரப்பதம் 55 முதல் 60 விழுக்காட்டுக்குள் நிற்காவிட்டால் நூல் அறுப்பு கூடும். இதற்காக இயங்கும் ராட்சத விசிறிகள் ஏப்ரல் வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் ஒரே வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தன. ஈரம் அதிகமானால் விசிறியைக் குறைக்காமல் காற்றுத் திறப்பை மூடும் பழக்கமே இருந்தது. இன்வெர்ட்டர் டிரைவ் பொருத்தி வேகத்தையே மாற்றலாம் என்று பரிந்துரைத்தபோது ஸ்பின்னிங் மாஸ்டர் ஒப்புக்கொள்ளவில்லை. அவருடைய தயக்கத்தை வெறும் பிடிவாதம் என்று சொல்லிவிட முடியாது. மின்சாரம் மிச்சமானால் பாராட்டு மின்பொறியாளருக்குப் போகும். நூல் அறுந்தால் ஏச்சு மாஸ்டருக்கு வரும். எனவே ஆலையின் ஒரு பாதியில் மட்டும் மூன்று வாரம் சோதனை நடத்தவும், நூறு கதிர்கள் ஒரு மணி நேரம் ஓடும்போது ஏற்படும் அறுப்புகளின் எண்ணிக்கையை அவருடைய ஆட்களே எடுக்கவும் ஏற்பாடு செய்தோம். இரண்டு பாதிகளுக்கும் வேறுபாடு இல்லை என்று அவரே கையெழுத்திட்ட பின்புதான் மீதிப் பாதிக்கும் டிரைவ் வாங்கப்பட்டது.

மூன்றாவதாக, ரிங் ஃபிரேம்களின் உறிஞ்சு விசிறிகளை எடை குறைந்த ஃபைபர் விசிறிகளாக மாற்றியதில் ஃபிரேம் ஒன்றுக்கு முக்கால் கிலோவாட்டுக்கும் சற்று மேல் குறைந்தது.

2023 ஜூன் மாதத்துக்குள் இம்மூன்றும் முடிந்தன. செலவு 48 லட்சம் ரூபாய். நாளொன்றுக்கு 1,780 யூனிட் அளவில் மிச்சமாகி, யூகேஜி 5.20-லிருந்து 4.93-க்கு இறங்கியது. போட்ட பணம் ஏறத்தாழ ஓராண்டில் திரும்பியது. இதைப் புகைப்படம் எடுத்து எந்த விழாவிலும் காட்ட முடியாது என்பதாலோ என்னவோ, பெரும்பாலான ஆலைகள் சூரியத் தகடுகளை முதலில் வாங்கிவிட்டுக் கசிவுகளைப் பிறகு தேடுகின்றன.

8.50 ரூபாய்க் கணக்கு

இதற்கிடையில் கூரைத் திட்ட அறிக்கையை வரிவரியாகப் பார்த்தோம். 800 கிலோவாட் தகடுகள் ஆண்டுக்கு 11.6 லட்சம் யூனிட் தரும் என்ற மதிப்பீட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிழை வேறிடத்தில் இருந்தது. ஆலை கட்டிய மொத்தத் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து, ஒரு யூனிட்டின் விலை 8.50 ரூபாய் என்று எடுத்துக்கொண்டு, சூரிய மின்சாரம் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 8.50 மிச்சப்படுத்தும் என்று கணக்கிட்டிருந்தார்கள்.

பிழையைக் கண்டுபிடித்தது நாங்கள் அல்ல, மகள்தான். மின்கட்டணப் பட்டியலை மேசையில் விரித்து, ஒவ்வொரு வரியின் கீழும் அடிக்கோலை வைத்து, "கூரையில் சூரியத் தகடு இருந்தால் இந்த வரி குறையுமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். யூனிட் கட்டணம் குறையும். தேவைக் கட்டணம்? ஆலையின் உச்சத் தேவை ஏப்ரல், மே மாதங்களில் மாலை ஏழு மணி அளவில் பதிவாகிறது. அப்போது வெயில் இல்லை. பகலில் பதிவானாலும், மாதத்தில் ஒரு நாள் அரைமணி நேரம் மேகம் மறைத்தால் போதும், பழைய எண்ணே பதிவாகிவிடும். தவிர, அனுமதிக்கப்பட்ட தேவையில் 90 விழுக்காட்டுக்குக் கீழே போனாலும் அந்த 90 விழுக்காட்டுக்குக் கட்டணம் கட்டியே ஆகவேண்டும். மாலை உச்சநேரக் கூடுதலும் அப்படியே நிற்கும். காலை உச்சநேரத்தில் மட்டும் ஓரளவு குறையும்.

ஆக, சூரிய மின்சாரம் மிச்சப்படுத்துவது 6.75 ரூபாயும் அதன் மேல் 5% மின்வரியும், அதாவது 7.10 ரூபாய் அளவுதான். அத்துடன், ரிங் ஃபிரேம் கூடத்தின் கூரை வடக்கு வெளிச்சத்துக்காகப் பல் பல்லாகக் கட்டப்பட்ட பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரை. தகடுகளின் எடையை அது தாங்காது. மாற்றினால் 60 லட்சம். இரண்டையும் சேர்த்தால், முதல் திரும்பும் காலம் ஐந்து ஆண்டுகளைக் கடந்தது. கூரைச் சூரிய மின்சாரத்துக்கு அப்போது விதிக்கப்பட்ட நெட்வொர்க் கட்டணத்தையும் (மின்வாரியக் கட்டமைப்புக்கான கட்டணம்) சேர்த்தால் இன்னும் தள்ளிப்போகும்.

ஐந்து ஆண்டுகள் என்பதும் மோசமான முதலீடல்ல. தகடுகள் இருபத்தைந்து ஆண்டுகள் உழைப்பவை. ஆனால் மூன்றே முக்கால் ஆண்டு என்ற நம்பிக்கையில் வங்கிக் கடனின் தவணைக் காலத்தை அமைத்திருந்தால், ஒவ்வொரு மாதமும் கையிலிருந்து பணம் போட வேண்டியிருந்திருக்கும். எனவே எடுத்த முடிவு: கூரை மாற்றம் தேவைப்படாத குடோன் மீதும் ஆட்டோகோனர் கூடத்தின் புதிய உலோகக் கூரை மீதும் மட்டும் 400 கிலோவாட், 1.8 கோடி ரூபாய் செலவில்.

2023 ஜூலை: சந்தைச் சரிவு

கூரை தராத மின்சாரத்தை வெளியிலிருந்து பெறும் வழியையும் அதே சமயம் பரிசீலித்தோம். குழு சொந்தப் பயன்பாட்டு முறை எனப்படும் ஏற்பாடு அது. 2005-ஆம் ஆண்டு மின்சார விதிகளின்படி, மின்சாரத்தைப் பயன்படுத்தும் ஆலைகள் சேர்ந்து உற்பத்தி நிலையத்தின் உரிமையில் குறைந்தது 26 விழுக்காட்டை வைத்திருந்து, ஆண்டு உற்பத்தியில் குறைந்தது 51 விழுக்காட்டைத் தங்கள் பங்குக்கேற்பப் பயன்படுத்தினால், அது சொந்த உற்பத்தியாகவே கருதப்படும். வெளியில் வாங்கும் மின்சாரத்துக்கான கூடுதல் கட்டணச் சுமை வராது. ஒரு புதிய காற்றாலைக் குழுவிடமிருந்து ஆண்டுக்கு 40 லட்சம் யூனிட்டுக்கான அழைப்பு வந்தது. மூத்த முதலாளிக்கு அதில் மிகுந்த விருப்பம். காற்று அவருக்குப் பழகிய சரக்கு.

ஒப்பந்தம் தயாராகிக்கொண்டிருந்த நேரத்தில் நூல் சந்தை விழுந்தது. 2023 ஜூலை நடுப்பகுதியில், நட்டம் தாங்காமல் தமிழக நூற்பாலைகள் பல உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தன. இந்த ஆலை முழுவதும் நிற்கவில்லை; 18 ஃபிரேம்களில் 12 மட்டுமே அக்டோபர் வரை ஓடின. மாதப் பயன்பாடு 10 லட்சத்திலிருந்து 7 லட்சம் யூனிட்டாகச் சுருங்கியது.

அந்த நெருக்கடி மின்சார ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை ஒரு நல்வாய்ப்பாக முடிந்தது. மோசமான ஆண்டு எப்படி இருக்கும் என்று ஊகிக்க வேண்டிய தேவை போய்விட்டது. அது கண்முன்னே இருந்தது. தமிழகக் காற்றாலைகளின் ஆண்டு உற்பத்தியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மே முதல் செப்டம்பர் வரையான ஐந்து மாதங்களில் வருகிறது. 40 லட்சம் யூனிட் ஒப்பந்தத்தில் அந்த மாதங்களில் மாதத்துக்கு 5.3 லட்சம் வரும். பழைய காற்றாலைகள் 1.6 லட்சம். கூரை அரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. கூட்டினால் 7.3 லட்சத்துக்கு மேல். ஆலையின் தேவையோ 7 லட்சம். காற்று நன்றாக வீசும் மாதத்தில்தான் சந்தை விழுந்திருந்தது.

மூத்த முதலாளியின் பதில், "மிச்சத்தை பேங்குல போட்டு வெச்சுக்கலாமே" என்பது. அவருடைய பழைய இயந்திரங்களுக்கு அது சரிதான். காற்றுக் காலத்தில் மிஞ்சும் யூனிட்டுகளில் ஒரு பகுதியைக் கட்டணமாகக் கழித்துக்கொண்டு, மீதியை நிதியாண்டு முடியும்வரை வரவு வைத்துப் பயன்படுத்தும் வசதி அவற்றுக்கு உண்டு. 2018 மார்ச்சுக்குப் பின் நிறுவப்பட்ட காற்றாலைகளுக்கு அந்த ஓராண்டு வசதி கிடையாது. முப்பது ஆண்டு அனுபவமே இங்கு தடையாக நின்றது. பெயர் அதேதான், ஆடிக்காற்றும் அதேதான், விதி மட்டும் மாறியிருந்தது. இதை அவருக்கு விளக்க நாங்கள் மூன்று முறை போகவேண்டியிருந்தது. கடைசியில் அவரை ஒப்பவைத்தது, எங்கள் விளக்கத்தைவிட, பக்கத்து ஊர் ஆலைக்காரர் ஒருவர் மிஞ்சிய யூனிட்டுகளைக் குறைந்த விலைக்குக் கொடுக்க நேர்ந்த கணக்கைத் தொலைபேசியில் சொன்னதுதான்.

ஒப்பந்த அளவு 24 லட்சம் யூனிட்டாகக் குறைக்கப்பட்டது. 12 ஃபிரேம்கள் மட்டும் ஓடும் ஜூலை மாதத்திலும் அதை முழுவதும் பயன்படுத்த முடியும் என்பதே அந்த எண்ணுக்கான அடிப்படை. 2024 ஜனவரியில் கையெழுத்தாகி, ஏப்ரல் முதல் மின்சாரம் வரத் தொடங்கியது.

செயல்பாட்டுக்கு வந்தபின்

கூரைத் தகடுகள் 2024 பிப்ரவரியில் இயங்கத் தொடங்கின. முதல் மாதப் பட்டியலில் தேவைக் கட்டண வரி அசையவில்லை. எதிர்பார்த்ததுதான் என்றாலும், அதை எழுத்தில் பார்த்தபின்தான் அலுவலகத்தில் எல்லோருக்கும் அந்தப் பழைய அடிக்கோல் கணக்கு முழுதாகப் புரிந்தது.

மே மாதத்தில் உற்பத்தி எதிர்பார்த்ததைவிட 12 விழுக்காடு குறைவாக இருப்பதை மின்பொறியாளர் கவனித்தார். மேலே ஏறிப் பார்த்தபோது, கழிவுப் பஞ்சு அறையின் வெளியேற்றுக் குழாய்க்கு அருகிலிருந்த இரண்டு வரிசைகள் மங்கிப்போயிருந்தன. விரலால் தடவினால் மெல்லிய படலம் உரிந்து வந்தது. இரவெல்லாம் பறந்து வரும் பஞ்சு நார் விடியற்காலைப் பனியில் நனைந்து தகட்டில் ஒட்டிக்கொள்கிறது; வெயில் ஏறியதும் காகிதம்போல் காய்ந்துவிடுகிறது. சுத்தம் செய்ய வந்தவர்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை அடித்திருந்ததால், நாரின் மேல் உப்புக்கறையும் படிந்திருந்தது. நெசவுக்கும் நூற்புக்கும் பெயர்போன ஊரில், நூற்பாலைக் கூரையில் பஞ்சு பறக்கும் என்பது திட்ட அறிக்கை எழுதியவருக்குத் தோன்றவில்லை. தணிக்கை செய்த எங்களுக்கும் தோன்றவில்லை என்பதை இங்கே பதிவு செய்யவேண்டும்.

வெளியேற்றுக் குழாயின் வாயைக் கூரையின் மறுபக்கம் திருப்பி வடிகட்டி பொருத்தினார்கள். ஆலையில் ஏற்கெனவே இருந்த ஆர்.ஓ. தண்ணீரைக் கூரைக்கு ஏற்றி, வாரம் ஒருமுறை விடிவதற்கு முன் கழுவும் முறை வந்தது. இழப்பு பாதியாகக் குறைந்தது, முற்றிலும் நீங்கவில்லை.

இன்னொன்று, வெளியிலிருந்து வரும் மின்சாரம் நின்றால் சூரிய மின்சாரமும் நின்றுவிடும் என்பது. கம்பியில் வேலை செய்பவர்களின் பாதுகாப்புக்காக இன்வெர்ட்டர்கள் தாமாகவே அணையும்படி அமைக்கப்பட்டவை. வெட்டவெளி வெயிலில் தகடுகள் மின்னிக்கொண்டிருக்க டீசல் ஜெனரேட்டர் ஓடுவதைப் பார்த்த தொழிலாளர்களுக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது. ஜெனரேட்டருடன் இணைந்து இயங்குவதற்கான கட்டுப்பாட்டுக் கருவி பின்னர் தனியாக வாங்கப்பட்டது.

2024–25: கணக்கும் சான்றும்

முதல் முழு நிதியாண்டின் முடிவில் ஆலையின் பயன்பாடு 1.16 கோடி யூனிட். அதில் கூரையிலிருந்து 5.2 லட்சம், பழைய காற்றாலைகளிலிருந்து 11 லட்சம், குழு ஒப்பந்தத்திலிருந்து 22 லட்சம். மூன்றும் சேர்ந்து 38 லட்சத்துக்கு மேல். மொத்தத்தில் 33 விழுக்காடு. 2022-இல் பத்து விழுக்காடாக இருந்த ஆலைக்கு இது நல்ல ஏற்றம். உச்சத் தேவையும் 1,720-லிருந்து 1,640 கேவிஏவாகக் குறைந்தது. அதைக் குறைத்தது சூரியனோ காற்றோ அல்ல, 2023-இல் அடைத்த கசிவுகளும் மாற்றிய விசிறிகளுமே.

2025 ஏப்ரலில், ஆலையிடம் நூல் வாங்கும் திருப்பூர் ஏற்றுமதியாளரிடமிருந்து ஒரு கேள்வித்தாள் வந்தது. ஐரோப்பிய ஆடை நிறுவனங்கள் தங்கள் கடைகளுக்கும் அலுவலகங்களுக்குமான உமிழ்வைக் குறைத்தால் மட்டும் போதாது, சரக்கு வரும் வழி முழுவதுக்கும் கணக்குக் காட்டவேண்டும் என்ற நிலை வந்துவிட்டதால், அந்தக் கேள்வி பிராண்டிலிருந்து தையல் ஆலைக்கும், அங்கிருந்து சாயப்பட்டறைக்கும் நூற்பாலைக்கும் படிப்படியாக இறங்குகிறது. நிர்வாகம் பெருமையுடன் 33 விழுக்காடு என்று எழுதி அனுப்பியது.

அந்த எண்ணைச் சோதிக்க மே மாதம் வந்த சரிபார்ப்பாளர் ஆவணங்களைக் கேட்டார். பழைய காற்றாலைகளுக்கு, எவ்வளவு யூனிட் ஆலையின் கணக்கில் சேர்ந்தது என்று காட்டும் மாதாந்தர ஒதுக்கீட்டு அறிக்கைகள் இருந்தன. முப்பது ஆண்டுகளாக அவை வருமான வரிக் கோப்பிலேயே கிடந்ததால் தேடி எடுக்க நான்கு நாள் ஆயிற்று. கூரைக்கு மீட்டர் பதிவு இருந்தது. குழு ஒப்பந்தத்தைப் புரட்டியவர், பின்னிணைப்பில் இருந்த ஒரு பத்தியைக் காட்டினார். உற்பத்தியோடு சேர்ந்து வரும் சுற்றுச்சூழல் பண்புகளும் அவற்றுக்கான சான்றுகளும் உற்பத்தியாளருக்கே உரியவை என்பது அதன் சாரம். உற்பத்தியாளர் அவற்றை வேறொருவருக்கு விற்கும் உரிமை பெற்றிருக்கும்போது, அதே யூனிட்டைத் தூய மின்சாரம் என்று ஆலையும் சொல்லிக்கொள்ள முடியாது. ஒரே பசுவின் பாலை இரண்டு வீட்டுக் கணக்கில் எழுதுவது போலாகும். 22 லட்சம் யூனிட் கழிக்கப்பட்டது. 33 விழுக்காடு 14 ஆனது.

அந்தப் பத்தியை யாரும் படிக்காமல் இல்லை. ஒப்பந்தத்தைப் பார்த்த வழக்கறிஞர் படித்திருந்தார், நானும் படித்திருந்தேன். 2024 ஜனவரியில் எங்கள் கவனம் முழுவதும் யூனிட் விலை, அளவு, 51 விழுக்காட்டு விதி ஆகியவற்றில் இருந்தது. மின்சாரம் ஒரு சரக்கு, அதன் "பசுமை" என்பது தனியே விற்கக்கூடிய இன்னொரு சரக்கு என்பதை அறிந்திருந்தும், இந்த ஆலைக்கு அது தேவைப்படும் என்று கருதவில்லை. வாங்குபவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

ஏற்றுமதியாளர் ஆர்டரை நிறுத்தவில்லை. திருத்திய எண்ணை ஏற்றுக்கொண்டார். மகள் உற்பத்தியாளருடன் பேசி, யூனிட்டுக்குச் சில காசுகள் கூடுதலாகத் தர ஒப்புக்கொண்டு, 2025 ஏப்ரலிலிருந்தான சான்றுகள் ஆலைக்கே வரும்படி ஜூலையில் துணை ஒப்பந்தம் செய்துகொண்டார். கடந்துபோன ஆண்டின் சான்றுகள் திரும்பக் கிடைக்கவில்லை.

மீண்டும் செய்தால் மாற்றக்கூடியவை

கசிவுகளையும் விசிறிகளையும் முதலில் பார்த்த வரிசையை மாற்றமாட்டேன். ஒப்பந்த அளவை மோசமான மாதத்தின் அடிப்படையில் முடிவு செய்ததையும் மாற்றமாட்டேன். 24 லட்சம் மிகக் குறைவு, 2024-இல் இன்னும் வாங்கியிருக்கலாம் என்று மூத்த முதலாளி இன்றும் சொல்கிறார், ஓடிய ஆண்டை வைத்துப் பார்த்தால் அவர் சொல்வதில் நியாயமுண்டு என்றாலும்.

மாற்றவேண்டியவற்றில் முதலாவது, வாங்குபவரின் கேள்வித்தாளை ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்டு வாங்கியிருக்க வேண்டும் என்பது. இரண்டாவது, கூரையைப் பகலில் மட்டுமல்ல, விடியற்காலையிலும் ஏறிப் பார்த்திருக்க வேண்டும். அனுமதிக்கப்பட்ட தேவையை 1,800-லிருந்து 1,700 கேவிஏவாகக் குறைக்கும்படி நாங்கள் சொன்னது ஏற்கப்படவில்லை. இன்று குறைத்துவிட்டு நாளை இரண்டு ஃபிரேம் கூட்டினால் மீண்டும் கேட்டு வாங்க வேண்டுமே என்ற தயக்கம்தான் காரணம். 1,640-க்கும், 90 விழுக்காட்டு வரம்பான 1,620-க்கும் இடைவெளி மிகக் குறைவு. இனி எவ்வளவு மிச்சப்படுத்தினாலும் தேவைக் கட்டண வரியில் 20 கேவிஏவுக்கான கட்டணத்துக்கு மேல் குறையாது என்பதை அட்டவணையாக எழுதிக் கொடுத்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கலாம். நாங்கள் வாய்வார்த்தையாகவே சொன்னோம்.

நிலுவையில் இருப்பது

பழைய நான்கு காற்றாலைகளின் கேள்வி இன்னும் முடியவில்லை. முப்பது மீட்டர் கோபுரத்தில் 225 கிலோவாட் சுழலும் அதே இடத்தில், இன்று நூறு மீட்டருக்கு மேல் உயரமுள்ள ஒற்றை இயந்திரம் அந்த நான்கையும்விடப் பலமடங்கு மின்சாரம் தரக்கூடும். பழைய காற்றாலைகளைப் புதுப்பிப்பதற்கும் ஆயுளை நீட்டிப்பதற்கும் தமிழக அரசு 2024-இல் ஒரு கொள்கையை வெளியிட்டது. அதிலுள்ள கட்டணங்களுக்குத் தொழில்துறையினர் எதிர்ப்புத் தெரிவித்தனர். மாற்றினால் உற்பத்தி கூடும், ஆனால் ஓராண்டுச் சேமிப்பு வசதி போய்விடும் என்ற அச்சத்தில் ஆலை முடிவெடுக்காமல் வைத்திருக்கிறது.

மூன்றாம் எண் இயந்திரத்தின் கியர்பாக்ஸ் 2024 ஆடியில் பழுதாகி ஐந்து வாரம் நின்றது. 12 லட்சம் 11 லட்சமானது அதனால்தான். உதிரிபாகம் புதிதாகக் கிடைக்காததால், கழற்றி விற்கப்பட்ட வேறொரு காற்றாலையிலிருந்து வாங்கிப் பொருத்தினார்கள். அடுத்த காற்றுக் காலத்துக்கு முன் இன்னொன்றை வாங்கி வைப்பதா, நான்கையும் மாற்றுவதா என்பதற்கான கணக்கை மகள் போட்டுக்கொண்டிருக்கிறார்.